தலச்சேரி கேக்கும் மம்பள்ளி பாப்புவும்

கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் குமுளி பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள பேக்கரிகளில் நிற்க இடமிராது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் பழுப்பு நிறப் பிளம் கேக்குகள். மறு பக்கம் வெள்ளைக் கிரீமில் ரோஜாவும் இலையும் விரிந்த கேக்குகள். ஏலத்தோட்ட வேலை முடிந்து கம்பத்துக்கும் கூடலூருக்கும் ஜீப் ஏறும் நம் பெண்கள்கூடப் பிள்ளைகளுக்கென்று ஒரு பொட்டலம் வாங்கிச் செல்கிறார்கள். இத்தகைய கடைகளின் பின்கட்டில் மாவு பிசைந்தும் தட்டு கழுவியும் காலம் தள்ளும் தமிழ்ப் பையன்கள் உண்டு. கேக்கின்மேல் பூப்போடக் கற்றுக்கொண்டு ஒரு நாள் மாஸ்டர் ஆகிவிட வேண்டும் என்பது அவர்களுடைய கனவு. அவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் இதே கேரளத்தின் வடபகுதியில் வாழ்ந்தார். அவர்தான் தலச்சேரி மம்பள்ளி பாப்பு.

தலச்சேரி இன்றைய கண்ணூர் மாவட்டத்திலுள்ள கடற்கரை ஊர். 1708-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே கோட்டை கட்டினார்கள். மலையிலிருந்து இறங்கிய மிளகும் ஏலமும் பட்டையும் அந்தத் துறையிலிருந்து கப்பலேறின. சரக்கு இருக்குமிடத்தில் துரைமார் இருந்தார்கள். துரைமார் இருக்குமிடத்தில் ரொட்டியும் பிஸ்கட்டும் தேவைப்பட்டன. நம்மவர்களுக்கோ அந்நாளில் ரொட்டி என்பது வெள்ளைக்காரன் சாப்பாடு. தப்பினால் காய்ச்சல்காரனுக்கு வைத்தியர் சொல்லும் பத்தியம். உள்ளூர்க்காரர் ஒருவர் அதைத் தொழிலாக எடுத்து நடத்துவார் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாப்பு கடல் கடந்து பர்மாவுக்குப் போனவர். அந்தக் காலத்தில் பர்மா என்றால் தென்னாட்டு ஜனங்களுக்கு இன்னொரு வீடு மாதிரி. நம் செட்டிநாட்டார் அங்கே லேவாதேவி நடத்தினார்கள். நம் கூலியாட்கள் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். போனவர்களில் சிலர் தேக்கு மரம் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். சிலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். பாப்பு கொண்டுவந்தது ஒரு கைத்தொழில். மாவைப் பக்குவமாகப் பிசைந்து, அடுப்பின் சூடறிந்து, பிஸ்கட் சுட்டெடுக்கும் வித்தையை அவர் அங்கே கற்றுக்கொண்டார். எகிப்தில் இருந்த ஆங்கிலப் படைக்குப் பாலும் தேயிலையும் ரொட்டியும் அனுப்பிய வியாபாரி அவர் என்றும் அவருடைய குடும்பத்தார் வழியாகச் செய்தி உண்டு.

ஊர் திரும்பிய பாப்பு 1880-ல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் பாக்டரி என்ற பெயரில் ஒரு கூடத்தைத் தொடங்கினார். பேர்தான் பாக்டரி, அதன் உயிர்நாடி விறகு எரியும் செங்கல் அடுப்பு. கேரளத்தில் அடுப்போடு கூடிய இத்தகைய பேக்கரிக் கூடத்துக்குப் போர்மா என்று பெயர் வழங்குவது இங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ரொட்டி, பன், ரஸ்க், பலவகைப் பிஸ்கட்டுகள் அங்கே தயாராயின. மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் கிடைக்காத காலம் அது. பாப்பு அதற்காகக் கலங்கவில்லை. கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார் என்று சொல்வார்கள். ஆப்பத்துக்குக் கள் சேர்க்கும் வழக்கம் நம் பக்கமும் உண்டல்லவா? கள்ளில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட், மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. பாட்டி ஆப்பத்துக்குச் செய்ததைத்தான் பாப்பு ரொட்டிக்குச் செய்தார்.

1883-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன் அவருடைய வாசலுக்கு ஒரு துரை வந்தார். அஞ்சரக்கண்டியில் பெரிய பட்டைத் தோட்டம் வைத்திருந்த மர்டாக் பிரவுன் அவர். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக் ஒன்றை அவர் பாப்புவிடம் கொடுத்து, இதேபோல் செய்து தர முடியுமா என்று கேட்டார். பாப்பு அதுவரை கேக் செய்தவரல்லர். முடியாது என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; பிஸ்கட் வியாபாரம் வழக்கம்போல் நடந்திருக்கும். ஒப்புக்கொண்டு செய்து, அது கெட்டுப்போயிருந்தாலோ ராயல் பாக்டரியின் பெயரும் சேர்ந்து கெட்டிருக்கும். துரைமார்தான் அந்தக் கடைக்கு முக்கிய வாடிக்கை என்பதை நினைத்தால் அந்த ஒப்புதல் எவ்வளவு துணிச்சலானது என்பது விளங்கும்.

துரை விட்டுச் சென்றவை ஒரு மாதிரிக் கேக்கும், அதில் என்னென்ன சேரும் என்ற வாய்மொழிக் குறிப்பும் மட்டுமே. கேக் வேகவைக்க அச்சு வேண்டும். அது ஊரில் இல்லை. பாப்பு தர்மடத்திலிருந்த கொல்லரிடம் போய் அச்சு அடித்துக்கொண்டார். வாசனைச் சரக்குக்கு மலபாரில் பஞ்சமில்லை. அடுத்தது மது. தலச்சேரிக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மாஹே இருந்தது. நம் புதுச்சேரியோடு சேர்ந்த அதே மாஹேதான். அங்கே நல்ல பிராந்தி கிடைக்கும், அதைச் சேர்க்கலாம் என்பது துரையின் யோசனை. பாப்பு அதை விட்டுவிட்டு, முந்திரிப் பழமும் கதளி வாழைப்பழமும் சேர்த்து உள்ளூரில் காய்ச்சிய சரக்கையே கேக்கில் சேர்த்தார். கேக் வெந்தது. துரை சுவைத்துப் பார்த்தார். மிகவும் பிடித்துப்போய், இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று கேரளத்தார் இன்றும் பெருமையாகக் கொண்டாடுவது அதைத்தான். கிரிக்கெட், சர்க்கஸ், கேக் ஆகிய மூன்றுக்கும் பேர்பெற்ற ஊர் என்று தலச்சேரியைச் சொல்வார்கள். அதில் மூன்றாவது பெயர் பாப்பு வாங்கித் தந்தது.

அந்தப் பிளம் கேக்குக்குக் கிரீம் தேவையில்லை. பழங்களின் இனிப்பும் மதுவும் சேர்ந்து அதைப் பல நாள் கெடாமல் காக்கும். பால் கிரீமின் சங்கதி வேறு. ஏறத்தாழ 4 டிகிரி குளிரில் இருந்தால்தான் அது அடிக்க அடிக்க நுரைத்து நிற்கும். வெயிலில் வைத்தால் இளகிவிடும். குளிர்பெட்டி இல்லாவிட்டால் மறுநாளே புளித்துவிடும். அதனால்தான் கிரீம் பூக்கள் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாவதற்குக் குளிர்பெட்டியும், தாவர எண்ணெயில் தயாராகும் கிரீமும் வரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பொருள் மாறினாலும், பாப்பு கற்ற முறை மாறவில்லை. கிரீம் பூ வேலையை ஏட்டைப் பார்த்து மட்டும் கற்க முடியாது. கோனில் பாதிக்கு மேல் கிரீம் நிரப்பக் கூடாது. நிரப்பினால் மேல்வழியே பிதுங்கும். வலக்கை அழுத்த வேண்டும், இடக்கை வழிகாட்ட வேண்டும். தூக்குவதற்கு முன் அழுத்தத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் பூவுக்கு வால் முளைக்கும். நட்சத்திர நாசிலில் சிப்பியும் சுருளும் வரும். ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய நாசிலில் ரோஜா இதழ் வரும். அகன்ற முனை கீழே இருக்க வேண்டும். உள்ளங்கைச் சூட்டில் கிரீம் இளகுவதற்குள் வேலை முடிய வேண்டும். இத்தனையும் கைக்குத்தான் பழக வேண்டும். வனஸ்பதியையும் பொடித்த சர்க்கரையையும் அடித்து, கவிழ்த்த தட்டின்மேல் பூப்போட்டு, வழித்தெடுத்து மறுபடி கோனில் நிரப்பிப் பழகினால் காசும் விரயமாகாது.

பாரிஸ் நகரத்தில் மாவிலும் சர்க்கரையிலும் மாளிகைகள் எழுப்பிப் புகழ்பெற்ற அந்தோனின் கரேமும் இப்படித்தான் வளர்ந்தார். ஏழைத் தகப்பனால் கைவிடப்பட்டு, சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்த சிறுவன் அவர். பின்னர் ஒரு பலகாரக் கடையில் வேலை பார்த்தபோது, முதலாளியின் அனுமதியோடு நூலகத்துக்குப் போய்க் கட்டடப் படங்களைப் பார்த்து வரைந்தார். வரைந்ததைச் சர்க்கரையில் செய்தார். 1833-ல் அவர் மறைந்தபோது ஐரோப்பிய அரச குடும்பங்கள் அறிந்த சமையல்காரராக இருந்தார். பாரிஸ் பையனுக்குப் படம், தலச்சேரிக்காரருக்கு ஒரு கேக். இருவரும் கண்ணால் பார்த்ததைக் கையால் திருப்பிச் செய்து கற்றவர்கள்தான்.

பாப்பு மறைந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. ஆனால் அவருடைய குடும்பத்தார் அந்தத் தொழிலைக் கைவிடவில்லை. திருவனந்தபுரத்தில் சாந்தா பேக்கரி, கோட்டயத்தில் பெஸ்ட் பேக்கரி, கொச்சியில் கொச்சின் பேக்கரி என்று தெற்கு வரை கிளை விட்டார்கள். 1883-ல் ஒரு டஜன் கேக்குக்கு ஆர்டர் வந்தது பெரிய செய்தி. 2020 ஜனவரியில் கேரள பேக்கரிக்காரர்கள் ஒன்றுகூடித் திருச்சூரில் 5 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஒரே கேக்கைச் செய்து உலக சாதனை படைத்தார்கள்.

அயலூருக்குப் பிழைக்க வந்தவன் மாதச் சம்பளத்தோடு திருப்தியடைந்தால், வேலை போகும் நாளில் எல்லாம் போய்விடும். தொழிலைக் கற்றுக்கொண்டால் அது அவனோடு ஊர் வரும். பிள்ளைகளுக்கும் சோறு போடும். பர்மாவிலிருந்து திரும்பிய பாப்புவிடம் இருந்த மூலதனம் அதுதான். போர்மாவில் தட்டு கழுவும் தம்பிகள், மாஸ்டர் பூப்போடும் நேரத்தில் அவர் கையைக் கவனித்துப் பார்க்கட்டும். கடை சாத்திய பிறகு கவிழ்த்த தட்டில் தாங்களும் போட்டுப் பார்க்கட்டும்.