வில்லியம் பென்: கூடும் உரிமைக்கு வழக்காடிய பெரியார்

மக்கள் ஒருங்கு கூடித் தம் கருத்தை உரைப்பதும் வேண்டும். ஊரில் அமைதி நிலவுதலும் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே வரம்பு யாது, அதனை வரையறுப்பவர் யாவர் என்னும் வினா பழமையானது. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடை காட்டியவருள் ஒருவர் வில்லியம் பென் என்னும் ஆங்கிலப் பெரியார். அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறியுமாறு ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பென் 1644-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் கடற்படைத் தலைவர், அரசவையிற் செல்வாக்குடையவர். ஆதலின் பதவியும் பொருளும் மைந்தரை எதிர்நோக்கி நின்றன. அவரோ அவற்றை நாடாது, 1667-இல் குவேக்கர் என்னும் கிறித்தவச் சமயப் பிரிவினரைச் சார்ந்தார். அப்பிரிவினர் போர்க்கருவி ஏந்தார். எத்துணை உயர்ந்தோர் முன்னும் தொப்பியைக் கழற்றார். மைந்தர் செயல் கண்டு தந்தையார் பெரிதும் வருந்தினார்.

அந்நாளில் இங்கிலாந்தில், அரசு ஏற்ற திருச்சபை முறைக்குப் புறம்பான வழிபாட்டிற்காக, வீட்டார் நீங்கலாக ஐவரோ அவரின் மிக்காரோ கூடுதல் குற்றம் என்று சட்டம் இருந்தது. 1664-இல் தோன்றிய அச்சட்டம் 1670-இல் புதுப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் குவேக்கர்கள் தம் தொழுகைக்கூடத்திற்கு வந்தபோது, கதவு அடைக்கப்பட்டுப் படைவீரர் காவல் நின்றனர். ஆகவே அவர்கள் கிரேஸ்சர்ச்சுத் தெருவிலேயே கூடினர். பென் அங்கு நின்று அறவுரை நிகழ்த்தினார். காவலர் அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் பிடித்துச் சென்றனர். சட்டத்திற்கு மாறாகக் கலகக் கூட்டம் கூட்டி அமைதியைக் குலைத்தனர் என்பது அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். கோல் ஒன்றும் ஏந்தாத கூட்டம், ஆயுதமும் வன்முறையும் கொண்டு கூடியதாகக் குற்றப்பத்திரிகையில் வரையப்பட்டது!

செப்டம்பர் முதல் நாள் ஓல்டு பெய்லி என்னும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடங்கியது. இருவரும் தொப்பியின்றி நுழையவே, நீதியதிகாரிகள் ஏவலரைக் கொண்டு அவர்கட்குத் தொப்பி அணிவித்து, பின்னர் அதனைக் கழற்றாமைக்குத் தண்டம் விதித்தனர். தாம் எந்தச் சட்டத்தை மீறினார் என்று பென் வினவினார். வழக்காற்றுச் சட்டம் என்னும் பொதுவிடையே கிடைத்தது. அதனைத் தெளிவாகக் காட்டுமாறு மீண்டும் மீண்டும் கேட்டமையால், அவர் மன்றத்தின் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டார்.

ஜூரர் பன்னிருவரும் முதலில், பென் கிரேஸ்சர்ச்சுத் தெருவிற் பேசினார் என்னும் அளவிலேயே முடிவு கூறினர். கலகம் நிகழ்ந்தது என்று கூற மறுத்தனர். சினங்கொண்ட அதிகாரிகள், உணவும் நீரும் நெருப்பும் இன்றி அவர்களை இரண்டு இரவு அடைத்து வைத்தனர். எட்வர்டு புஷல் முதலியோர் அசைந்திலர். செப்டம்பர் 5-ஆம் நாள் இருவரும் குற்றவாளிகள் அல்லர் என்பதே இறுதி முடிவாயிற்று. அதற்காக ஜூரர் ஒவ்வொருவர்க்கும் 40 மார்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. தொப்பித் தண்டத்தின் பொருட்டுப் பென்னும் சிறை புகுந்தார். தண்டம் செலுத்தப்பட, வெளிவந்து நோயுற்ற தந்தையாரைக் கண்டார். அம்மாதம் 16-ஆம் நாள் தந்தையார் உயிர் நீத்தார்.

புஷலும் வேறு மூவரும் தண்டம் செலுத்தாது சிறையிலிருந்தே முறையிட்டனர். தம் மனச்சான்றின்படி முடிவு கூறிய ஜூரரைத் தண்டித்தல் முறையன்று என்று தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்து அவர்களை விடுவித்தார். அத்தீர்ப்பு இன்றும் போற்றப்படுகின்றது.

1681-இல், தந்தையார்க்கு அரசர் பட்டிருந்த கடனுக்கு ஈடாக அமெரிக்காவிற் பரந்த நிலம் பென்னுக்குக் கிடைத்தது. அதுவே பென்சில்வேனியா. தாம் பட்ட துன்பத்தை அவர் மறந்திலர். வழக்குத் தொடுப்பார்க்குள்ள சாட்சி உரிமையும் வழக்கறிஞர் உரிமையும் குற்றஞ் சாட்டப்பட்டார்க்கும் உண்டு என 1701-ஆம் ஆண்டு உரிமைப் பட்டயத்தில் எழுதுவித்தார். 1718 சூலை 30-ஆம் நாள் இங்கிலாந்தில் மறைந்தார். 1789-இல் அமெரிக்கப் பேரவையில், அமைதியாகக் கூடும் உரிமையைச் சட்டத்தில் எழுதத்தான் வேண்டுமோ என்னும் ஐயம் எழுந்தபோது, ஜான் பேஜ் என்னும் உறுப்பினர் பென்னின் தொப்பி வழக்கையே நினைவூட்டினார் என்ப. அவ்வுரிமை 1791-இல் அந்நாட்டுச் சட்டத்தில் இடம் பெற்றது.

அன்பர்காள்! இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? காவலர்க்கு அதிகாரமே வேண்டா என்பதன்று. கல்லெறி தொடங்கிய பின் நீதிமன்றத் தீர்ப்பிற்குக் காத்திருத்தல் இயலாது. அக்கணத்திற் கலகத்தை அடக்குதல் காவலர் கடமை. ஆனால் நிகழ்ந்தது கலகமா, அமைதியான கூட்டமா என்று முடிவாக உரைப்பவர், கூட்டத்தைக் கலைத்தவராக இருத்தலாகாது. அவர் வேறொருவராய், அச்சமற்றவராய் இருத்தல் வேண்டும். கலைத்தவரும் தம் செயலுக்குச் சட்டத்தைச் சுட்டிக் காட்டல் வேண்டும்.

நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அளித்து, பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளுக்கு இடந்தருகின்றது. குற்ற வழக்குகளில் ஜூரர் முறை நம் நாட்டில் நீங்கிவிட்டது. அக்கட்டுப்பாடு நியாயமானதா என்று ஆராயும் பொறுப்பு இன்று நீதிபதிகளுடையது. கூடுவோர்க்கும் கடமை உண்டு. பென் கைகலந்திலர், ஓடி ஒளிந்திலர், நீதிமன்றத்தில் நின்று சட்டம் கேட்டார். நம் பிள்ளைகட்கு இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிப்போமாக.