கெர்ட்ரூட் எலியன்

கெர்ட்ரூட் பெல் எலியன் (ஜனவரி 23, 1918 - பிப்ரவரி 21, 1999) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த உயிர்வேதியியலாளரும் மருந்தியலாளரும் ஆவார். 1988 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் பகிர்ந்து கொண்டார். இரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சை, அக்கி நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். இரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் குறைத்துக் கீல்வாதத்தைத் தடுக்கும் அல்லோபியூரினால் என்ற மருந்தும் இவரது ஆய்வில் விளைந்ததே. (கீல்வாதம் என்னும் சொல் தமிழில் பலவகை மூட்டு நோய்களுக்கும் வழங்குகிறது. இக்கட்டுரையில் அது யூரிக் அமிலத்தால் உண்டாகும் கவுட் நோயை மட்டுமே குறிக்கும்.)

இளமையும் கல்வியும்

எலியன் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை லித்துவேனியாவிலிருந்து குடியேறிய பல் மருத்துவர். 1929 ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் குடும்பம் தன் சேமிப்பை இழந்தது. எலியனுக்கு 15 வயதானபோது அவரது பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அந்த இறப்பே அவரை வேதியியலின் பக்கம் திருப்பியது. கட்டணம் வாங்காத ஹன்டர் கல்லூரியில் படித்து 1937 இல் உயர் சிறப்புடன் பட்டம் பெற்றார்.

அதன் பின் அவருக்கு வாய்ப்புகள் எளிதில் கிட்டவில்லை. மேற்படிப்புக்கான உதவித்தொகை எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வகங்கள் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கின. செவிலியர் மாணவிகளுக்குச் சில மாதங்கள் உயிர்வேதியியல் கற்பித்தார். ஓர் ஆய்வகத்தில் தொடக்கத்தில் ஊதியமின்றியே பணிபுரிந்தார். பின்னர் பகலில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1941 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அவர் மணக்கவிருந்த லெனார்ட் கான்டர் இதய உள்ளுறை அழற்சியால் இறந்தார். அந்நோயைக் குணப்படுத்தவல்ல பென்சிலின் சில ஆண்டுகள் பிந்தியே புழக்கத்துக்கு வந்தது. எலியன் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போரால் ஆண்கள் குறைந்தபோதுதான் ஆய்வகக் கதவுகள் பெண்களுக்குத் திறந்தன. முதலில் கிடைத்தது ஓர் உணவு நிறுவனத்தில் ஊறுகாயின் அமிலத்தன்மையைச் சோதிக்கும் வேலை.

பரோஸ் வெல்கம் நிறுவனத்தில்

1944 இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஹிட்சிங்சின் உதவியாளராகச் சேர்ந்தார். செல்கள் பெருகுவதற்கு நியூக்ளிக் அமிலங்கள் தேவை. அவற்றின் கூறுகளைப் போலத் தோற்றமளிக்கும் போலி மூலக்கூறுகளைக் கொடுத்தால், வேகமாகப் பெருகும் நோய்ச் செல்களைத் தடுக்கலாம் என்பது ஹிட்சிங்சின் கருத்து. டி.என்.ஏ.யின் வடிவம் அறியப்படாத காலம் அது. எலியனுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி பியூரின்கள்.

பணிபுரிந்தபடியே மாலை நேரங்களில் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். முழுநேர மாணவராக வந்தால் மட்டுமே தொடரலாம் என்று கூறப்பட்டதால் படிப்பைக் கைவிட்டார். பின்னாளில் பல பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தன.

1951 இல் அவர் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குப் பயன்பட்டது. சில மாதங்களே வாழ்ந்த குழந்தைகள் ஓராண்டு வரை வாழ்ந்தனர். ஆனால் நோய் திரும்பி வந்தது. இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையில் இதுவும் ஒன்று. இதிலிருந்து பிறந்த அசாதயோப்ரின், உடல் பிறர் உறுப்பை ஏற்காமல் தள்ளுவதைத் தடுத்தது. 1962 இல் பாஸ்டனில் உறவினரல்லாதவரின் சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்த இம்மருந்தே துணைபுரிந்தது.

அல்லோபியூரினால்

கீல்வாதத்துக்கான மருந்து, கீல்வாதத்தைத் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 6-மெர்காப்டோபியூரினை உடலிலுள்ள சாந்தின் ஆக்சிடேஸ் என்னும் நொதி விரைவாகச் சிதைத்துவிடுகிறது என்று எலியன் கண்டார். அந்நொதியைத் தடுத்தால் புற்றுநோய் மருந்து உடலில் நெடுநேரம் நிற்கும் எனக் கருதித் தடுப்பான் ஒன்றைத் தேடினார். முன்னரே உருவாக்கப்பட்டுப் புற்றுநோய்க்குப் பயன்படாது என ஒதுக்கப்பட்டிருந்த அல்லோபியூரினால் அதற்குப் பொருந்தியது. மெர்காப்டோபியூரினின் வலிமை கூடியது. ஆனால் அதன் நச்சுத்தன்மையும் அதே அளவு கூடியது. எனவே முதல் நோக்கம் நிறைவேறவில்லை.

ஆயினும் டியூக் பல்கலைக்கழக மருத்துவர் வெய்ன் ரண்டில்ஸ் இதனைக் கொடுத்த நோயாளிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் யூரிக் அமிலம் வெகுவாகக் குறைந்தது. பியூரின்களைப் படிப்படியாக யூரிக் அமிலமாக மாற்றுவதும் இதே நொதி என்பதே காரணம். மனித உடலில் யூரிக் அமிலத்தை மேலும் சிதைக்கும் நொதி இல்லை. இரத்தத்தில் அதன் அளவு ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைக் கடந்தால் படிகங்களாக மூட்டுகளில் படியக்கூடும். கால் பெருவிரலில் திடீரென எழும் கடும் வலி இதன் விளைவு. அக்காலத்திலிருந்த கால்ச்சிசின் வலியைத் தணித்தது. புரோபெனசிட் அமிலத்தைச் சிறுநீரகம் வழியே வெளியேற்றியது. அமிலம் உருவாவதையே குறைத்தது அல்லோபியூரினால். 1966 இல் இது அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் சைலோரிக் என்ற பெயரில் பலரும் அறிவர்.

உட்கொள்வதில் கவனிக்க வேண்டியவை

மேலே கூறிய வரலாற்றிலேயே இம்மருந்தின் முதன்மையான அபாயம் அடங்கியுள்ளது. மெர்காப்டோபியூரினைச் சிதைய விடாமல் காக்கவே இது தேடப்பட்டது. அப்பணியை இன்றும் செய்கிறது. அசாதயோப்ரினும் உடலில் மெர்காப்டோபியூரினாகவே மாறுகிறது. எனவே இவ்விரண்டில் ஒன்றை உட்கொள்பவர் மருத்துவர் அறியாமல் அல்லோபியூரினாலையும் சேர்த்தால், எலும்பு மச்சை செயலிழந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். சேர்த்தே ஆக வேண்டுமெனில் முந்தைய மருந்தின் அளவை மருத்துவர் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, இரத்த அணுக்களை அடிக்கடி சோதிப்பார். சிறுநீரகம் மாற்றப்பட்டோருக்குக் கீல்வாதம் அடிக்கடி வருவதால் இது ஏட்டளவிலான எச்சரிக்கை அன்று.

தொடக்க அளவு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இன்னும் குறைவாகவே தொடங்குவர். அல்லோபியூரினால் உடலில் ஆக்சிபியூரினாலாக மாறி நெடுநேரம் தங்குவதால் நாளுக்கு ஒரு வேளை போதும். அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அவ்வுறுப்பின் நிலை முக்கியமாகிறது. யூரிக் அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழ் வரும் வரை சில வாரங்களுக்கு ஒருமுறை சோதித்து அளவைக் கூட்டுவர்.

மருந்தைத் தொடங்கிய முதல் மாதங்களில் வலி கூடுதலாக வரக்கூடும். பழைய படிகங்கள் கரையத் தொடங்குவதே இதற்குக் காரணம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என எண்ணிப் பலர் அப்போது நிறுத்திவிடுவது வருந்தத்தக்கது. இதைத் தவிர்க்க மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை குறைந்த அளவில் கால்ச்சிசின் போன்ற மருந்தைச் சேர்த்துக் கொடுப்பர். வலியற்ற காலத்திலும் மாத்திரையைத் தொடர வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் தோன்றினால் மருந்தை உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். அரிதாகச் சிலருக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமை ஏற்படுகிறது. எச்.எல்.ஏ-பி*58:01 என்ற மரபணு வகை உடையோருக்கு இவ்வாய்ப்பு அதிகம். ஹான் சீனர், தாய்லாந்தினர், கொரியர் ஆகியோரிடம் இவ்வகை கூடுதலாகக் காணப்படுவதால், அவர்களுக்கு மருந்தைத் தொடங்குமுன் சோதனை செய்யுமாறு 2020 ஆம் ஆண்டு அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் வழிகாட்டுதல் பரிந்துரைத்தது.

பிற்காலம்

1967 இல் எலியன் சோதனைச் சிகிச்சைத் துறையின் தலைவரானார். 1970 இல் நிறுவனத்துடன் வட கரோலினாவுக்கு இடம்பெயர்ந்தார். அவரது குழு உருவாக்கிய அசைக்ளோவிர், அக்கி வைரசை மட்டும் தேர்ந்து தாக்கும் மருந்தாகும். 1983 இல் ஓய்வு பெற்றார். 1991 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். அதே ஆண்டில் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணும் ஆனார். ஓய்வுக்குப் பின் டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டிவந்த அவர், 1999 இல் சேப்பல் ஹில் நகரில் தமது 81 ஆம் வயதில் காலமானார்.