கப்பல் வரவு கணக்கிட்ட ஆனந்தரங்கர்

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி பெயர் பெற்ற வணிகப் பட்டினமாக விளங்கியது. ஆயினும் அதற்கு ஒரு நல்ல துறைமுகம் இருந்ததில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பெருங்கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் ஆழ்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்குகள் அலைகளைக் கடந்து சென்று சரக்கையும் மனிதரையும் ஏற்றி வந்தன. அருகிலுள்ள அரிக்கமேடு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரோடு கடல் வாணிகம் செய்த இடம் என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. எனவே கப்பலை எதிர்பார்த்து வாழ்வது இக்கரைக்குப் புதிதன்று. ஆனால் அந்த எதிர்பார்ப்பை நாள் தவறாது ஏட்டில் பதித்து வைத்த பெருமை ஆனந்தரங்கப் பிள்ளை ஒருவரையே சாரும்.

இவர் 1709ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் பெயர் திருவேங்கடம் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியாரின் தலைமைத் துபாஷியாக இருந்த உறவினர் நைனியப் பிள்ளையின் அழைப்பை ஏற்று இக்குடும்பம் அங்கே குடியேறியது. குவர்னர் எபேரின் பகைக்கு ஆளான நைனியப் பிள்ளை 1717இல் சிறையிலேயே உயிர் நீத்தார். அவருடைய மகன் குருவப் பிள்ளை இதைப் பொறுத்துக்கொண்டு வாளா இருக்கவில்லை. கப்பலேறி ஐரோப்பா சென்று, பிரான்சின் அரசப் பிரதிநிதியிடம் நேரில் முறையிட்டு, செவாலியே என்னும் விருதும் பெற்றுத் திரும்பினார். கடல் கடத்தலைப் பலரும் பாவமெனக் கருதிய காலத்தில் நீதி வேண்டிப் போன பயணம் அது. இளமையில் இதைக் கண்ட ஆனந்தரங்கருக்கு, தம் குடும்பத்தின் ஏற்றமும் இறக்கமும் கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஓர் ஆணையைப் பொறுத்தவை என்பது புரிந்திருக்க வேண்டும்.

1726இல் தந்தையார் மறைந்தபின், குவர்னர் லெனுவார் ஆனந்தரங்கரின் திறமையை மதித்துப் பரங்கிப்பேட்டைக் கிடங்கின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் அவர் தம் செலவிலேயே வணிக நிலையங்களை ஏற்படுத்தினார். ஐரோப்பியச் சரக்கை உள்நாட்டில் விற்பதும், நெசவாளர் ஊர்களிலிருந்து துணி வாங்கிக் கப்பலுக்கு அனுப்புவதும் அவர் தொழிலாயின. பின்னர் தமக்கென ஒரு கப்பலும் வைத்திருந்தார். அதற்கு ஆனந்தப் புரவி என்பது பெயர். தம் பெயரையே இணைத்து, கடலில் பாயும் குதிரையாக அதைக் கண்டிருக்கிறார்.

1736 செப்டம்பர் 6ஆம் நாள் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதில் அரசியலும் சோதிடமும் குடும்பச் செய்திகளும் ஊர் வம்பும் கலந்து கிடக்கின்றன. எனினும் கப்பல் செய்தியே அதன் முதுகெலும்பு என்பது என் கருத்து. எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது, எத்தனை நாளில் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, கோட்டையிலிருந்து எத்தனை பதில் முழங்கியது என்றெல்லாம் கணக்கர்க்கே உரிய நுணுக்கத்தோடு குறித்திருக்கிறார். காரணம் இல்லாமல் இல்லை. கப்பலில் வரும் வெள்ளியைக் கொண்டே கம்பெனி துணிக்கு முன்பணம் கொடுத்தது. கப்பல் வராத ஆண்டில் வணிகரின் பாக்கி நின்றது. உள்ளூர் நெசவாளன் வீட்டில் தறியும் நின்றது.

கப்பலின் மறுபக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. ஏழை மக்களை ஏமாற்றியும் கடத்தியும் அடிமைகளாக விற்றுக் கப்பலேற்றிய கொடுமை 1743இல் வெளிப்பட்டபோது அதையும் குறித்து வைத்தார். மொரீசியசும் ரெயூனியனும் இன்று தமிழர் வாழும் தீவுகள் என்று பேசுகிறோம். அங்கு முதலில் சென்றவர்களுள் தம் விருப்பத்தால் போகாதவர்களும் இருந்தனர்.

1744இல் ஐரோப்பாவில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் மூண்ட போர் இக்கடலுக்கும் வந்து சேர்ந்தது. ஆங்கிலக் கடற்படை பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தது, புதுச்சேரி தவித்தது. 1746இல் லபூர்தொனே கப்பற்படையுடன் வந்த பிறகே நிலைமை மாறியது. செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அடுத்த மாதமே சென்னைக் கரையில் வீசிய புயல் அந்தப் படையின் கப்பல்கள் பலவற்றை அழித்தது. பீரங்கியால் ஆகாததை ஓர் இரவுக் காற்று செய்து முடித்தது. மறு ஆண்டு, துய்ப்ளேயின் மனைவியாரின் எதிர்ப்பையும் மீறி, ஆனந்தரங்கர் தலைமைத் துபாஷி ஆனார்.

அப்பதவியின் சிறப்பு பலரும் அறிந்ததே. 1754இல் கோதே என்பவர் கப்பலில் வந்து இறங்கித் துய்ப்ளேயின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டார். துய்ப்ளே நாடு திரும்பினார். ஆனந்தரங்கரின் செல்வாக்கும் தேயத் தொடங்கியது. 1756இல் பதவி போயிற்று. உடல் நலமும் குன்றியது. எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை.

1759 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் ஆங்கிலேயரோடு நடந்த கடற்போருக்குப் பின், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தஷே மொரீசியசுக்குக் கப்பல்களைத் திருப்பினார். அவை மீண்டும் வரவேயில்லை. மறு ஆண்டு ஆங்கிலப் படை நிலத்திலும் கடலிலும் நகரை வளைத்துக்கொண்டது. உணவின்றி மக்கள் வாடினர். 1761 ஜனவரி முதல் நாள் பெரும்புயல் ஒன்று ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை உடைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடலுக்கு இரையாக்கியது. அந்தச் சில நாட்களில் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை அடிவானத்தில் தோன்றியிருந்தால் தென்னாட்டு வரலாறு வேறு விதமாகத் திரும்பியிருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. எஞ்சிய ஆங்கிலக் கப்பல்கள் திரும்பி வந்து முற்றுகையைத் தொடர்ந்தன. ஜனவரி 16இல் நகரம் சரணடைந்தது. அதைக் காண ஆனந்தரங்கர் இல்லை. சில நாட்களுக்கு முன்பே, தாம் கால் நூற்றாண்டு கப்பல் எண்ணிய அந்நகரிலேயே அவர் கண் மூடிவிட்டார்.

வென்றவர்கள் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். அவர் கட்டிய மாளிகை தப்பியது. அது நிற்கும் தெரு இன்றும் ரங்கப்பிள்ளை தெரு என்றே வழங்குகிறது. குறிப்பேடுகளும் தப்பின. 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து வெளி உலகுக்குத் தெரிவித்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக அவை வெளிவந்தன. தமிழில் எழுதப்பட்ட அவற்றைத் தமிழர் தம் மொழியிலேயே அச்சில் காண 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.