உஷ்ணமானியைத் திருத்திய பாரன்ஹீட்

நம் இல்லங்களில் எவருக்கேனும் சுரம் கண்டால், உஷ்ணமானியை நாவின்கீழ் வைத்து நூறு என்றும் நூற்றிரண்டு என்றும் கூறுகிறோம். அவ்வெண்களை வகுத்தவர் யாவர் என்று நாம் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. ஆதலின் டேனியல் காபிரியேல் பாரன்ஹீட் என்னும் பெரியாருடைய சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுந்தோம்.

இவர் 1686ஆம் வருஷம் மே மாதம் 24ஆம் தேதி, பால்டிக் கடலோரத்து டான்ஸிக் நகரில் ஒரு வர்த்தகர் குடும்பத்திற் பிறந்தார். 1701ஆம் வருஷத்தில், இவருக்குப் பதினைந்து வயதாயிருக்கையில், தாயும் தந்தையும் விஷக் காளானை உண்டு ஒரே நாளில் இறந்தனர். பாதுகாவலராய் அமைந்தோர் இவரை வியாபாரம் பயிலும்பொருட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினர். இவர் மனமோ பேரேட்டிற் செல்லாமல், கண்ணாடிக் குழாய்களிலும் விஞ்ஞானக் கருவிகளிலுமே சென்றது. கருவிகளின் பொருட்டுக் கடன்பட்டார். பாதுகாவலர் சினந்து, இவரைப் பிடித்துக் கீழைத் தேசங்களுக்குக் கப்பலேற்றிவிட முயன்றனர். இவர் அதற்குத் தப்பி ஊரூராய்த் திரிந்து தாம் விரும்பிய தொழிலையே கற்றார்.

அக்காலத்து உஷ்ணமானிகளின் நிலையை நாம் அறிதல் வேண்டும். செய்வோர் ஒவ்வொருவரும் தம் மனம்போனவாறு கோடிட்டனர். ஒரு நகரத்துப் பண்டிதர் குறித்த எண், மற்றொரு நகரத்தாருக்குப் பொருளற்றதாயிற்று. கோபன்ஹேகனில் வாழ்ந்த வானசாஸ்திரியாகிய ஓலே ரோமர் என்பவர், ஜலம் உறையும் நிலையை 7½ என்றும் கொதிக்கும் நிலையை 60 என்றும் கொண்டு ஓர் அளவை வகுத்திருந்தார். 1708ஆம் வருஷத்தில் பாரன்ஹீட் அவரைக் கண்டு, அம்முறையைத் தெரிந்துகொண்டார். பின்னங்களை ஒழிக்கக் கருதி அதனை நான்கு மடங்காக்கிப் பின்னும் சிறிது திருத்தி, பனிக்கட்டியும் ஜலமும் கலந்த நிலையை 32 என்றும், நோயற்ற மனிதனுடைய உடற்சூட்டை 96 என்றும் அமைத்தார். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள 64 பாகங்களைப் பாதி பாதியாகவே பகுத்துக்கொண்டு போகலாமன்றோ? கோடிடுவோருக்கு இது பேருதவியாகும்.

1714ஆம் வருஷத்தில் இவர் செய்த சாராய உஷ்ணமானிகள் இரண்டு, ஹாலே நகரத்துப் பேராசிரியர் கிறிஸ்தியன் வோல்பிடம் சேர்ந்தன. அவை இரண்டும் ஒன்றுபோலவே காட்டியது கண்டு அப்பேராசிரியர் வியப்புற்றார். இக்காலத்து மாணவர்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். அக்காலத்திலோ அஃது அருஞ்செயலாம். பின்னர்ச் சாராயத்துக்குப் பதிலாகச் சுத்திசெய்த பாதரசத்தைக் கையாண்டார். ஆகாயத்தின் அழுத்தத்துக்கேற்ப ஜலம் கொதிக்கும் நிலை மாறுவதையும் கண்டறிந்தார். 1724இல் லண்டன் ராயல் சொஸைட்டி இவரை அங்கத்தினராக ஏற்றது. எனினும் செல்வம் இவரை அணுகவில்லை. 1736ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 16ஆம் தேதி ஹேக் நகரில், மணமாகாதவராயும் வறியவராயும், ஐம்பதாம் வயதில் காலமானார்.

இவருக்குப் பின் வந்தோர், ஜலம் உறையும் நிலையாகிய 32ஐயும் கொதிக்கும் நிலையாகிய 212ஐயுமே ஆதாரமாக நிறுத்தினர். அதனால் 96 என்றிருந்த உடற்சூடு 98.6 என வழங்கலாயிற்று. 1742இல் சுவீடன் தேசத்து ஆண்டர்ஸ் செல்ஸியஸ் நூறு பாக அளவை வெளியிட்டார். அவர் கொதிநிலையைப் பூஜ்யமாகவும் உறைநிலையை நூறாகவும் வைத்தார்; பிறர் அதனைத் தலைகீழாக மாற்றினர்.

இவ்வளவுகளுள் ஒன்றை மற்றொன்றாக்குதல் எளிது. ரோமர் அளவிலிருந்து 7½ஐக் கழித்து, 40ஆற் பெருக்கி, 21ஆல் வகுத்தால் செல்ஸியஸ் அளவு வரும். அதனை 9ஆற் பெருக்கி, 5ஆல் வகுத்து, 32ஐக் கூட்டினால் பாரன்ஹீட் அளவாம். ரோமர் கருவி 18 காட்டின், அது செல்ஸியஸில் 20, பாரன்ஹீட்டில் 68.

இக்கணக்கு ஏன் பலிக்கிறது? எல்லா அளவுகளும் ஜலம் உறைதல், கொதித்தல் என்னும் அதே இரண்டு நிலைகளைப் பற்றி நிற்பதனால் அன்றோ? நிலையான ஆதாரமும் பொய்யாத கருவியும் இல்லையேல், பெருக்கலும் வகுத்தலும் வீணே. பாரன்ஹீட் இட்ட எண்களைப் பல தேசத்தார் கைவிட்டனர். ஒரு கருவி சொன்னதையே மற்றொன்றும் சொல்லவேண்டும் என்று அவர் உழைத்த உழைப்பை எவரும் கைவிடவில்லை. பரிசோதனைச் சாலையில் உஷ்ணமானியைக் கையிலெடுக்கும்போதெல்லாம் இதனை நாம் நினைவிற் கொள்வோமாக.