பத்மநாபதாசர்

வெற்றி பெற்ற வேந்தர் அதனைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வது பண்டை வழக்கம். கங்கைகொண்டான், கடாரங்கொண்டான் என்பன அத்தகைய பட்டங்கள். ஆயின், பல நாடுகளை வென்ற பின்னர் அடியவன் என்னும் பட்டத்தை விரும்பி ஏற்றவர் ஒருவர் நாஞ்சில் நாட்டை ஆண்டார். அவரே மார்த்தாண்ட வர்மர்.

அவர் 1729ஆம் ஆண்டில் வேணாட்டின் அரசரானார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் அந்நாளில் தலைநகராக விளங்கியது. வேணாட்டு மன்னர் அடிகள் என்றும், குலசேகரப் பெருமாள் என்றும் பட்டம் பூண்டிருந்தனர். பட்டங்கள் பெரியனவாயினும் அரசரின் ஆணை சிறியதாகவே இருந்தது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் முதலிய தலைவர்கள் அதனை மதித்திலர். இளமையில் அவர்தம் பகைக்கு அஞ்சி மறைந்து திரிந்த மார்த்தாண்ட வர்மர், முடிசூடிய பின்னர் அவர்களைக் கொடிய தண்டனைகளால் ஒடுக்கினார், பலர் உயிரிழந்தனர்.

1741ஆம் ஆண்டில் குளச்சலில் டச்சுக்காரரின் படையை அவர் முறியடித்தார். அங்குச் சிறைப்பட்ட டி லன்னாய் என்பவரையே தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளிக்கச் செய்தார். அப்படையைக் கொண்டு காயங்குளம் முதலிய நாடுகளை வென்று, வடக்கே கொச்சியை நோக்கி எல்லையை விரித்தார்.

இவ்வாறு வாளால் சேர்த்த நாடு வாளாலேயே பிரிந்துபோகலாம் அன்றோ? இதனை உணர்ந்த மன்னர், 1750ஆம் ஆண்டு தை மாதத்தில் திருவனந்தபுரம் கோயிலுக்குச் சென்றார். தம் வாளைப் பத்மநாபசுவாமியின் திருமுன் வைத்து, நாடு முழுவதையும் இறைவனுக்கு உரிமையாக்கினார். பின்னர் அவ்வாளை எடுத்துக்கொண்டு, இறைவனின் பணியாளராக நாட்டை ஆளலானார். அன்றுமுதல் பத்மநாபதாசர் என்பது அரசரின் பட்டமாயிற்று. இதில் பக்தியும் இருந்தது. அரசியல் நுட்பமும் இருந்தது. அரசரை எதிர்ப்பது இறைவனை எதிர்ப்பதாகும் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியது.

கல்குளமும் பத்மநாபபுரம் எனப் பெயர் பெற்றது. அங்குள்ள அரண்மனையின் உப்பிரிகை மாளிகையில், உச்சித் தளம் இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது. மன்னர் அதற்குக் கீழேதான் உறைந்தார்.

மார்த்தாண்ட வர்மர் 1758ஆம் ஆண்டில் காலமானார். அவருக்குப் பின் வந்த அரசர் அனைவரும் அப்பட்டத்தையே பூண்டனர். அரச குலப் பெண்டிர் பத்மநாபசேவினி எனப்பட்டனர். தலைநகரில் இருந்தும் நாள்வழிபாட்டிற்குச் செல்லத் தவறிய அரசர், கோயிலுக்குத் தண்டம் செலுத்துதல் வழக்கமாயிற்று. 1949ஆம் ஆண்டில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அரசாட்சி முடிவுற்றது. 1956ஆம் ஆண்டில் கல்குளம் வட்டமும் தமிழகத்தோடு இணைந்தது. எனினும் பத்மநாபதாசர் என்னும் பெயர் கோயில் வழக்கில் நிலைத்தது. ஆள்பவன் உடைமையாளன் அல்லன், காவலனே என்பதை அப்பெயர் உணர்த்துகிறது.