பாடகரின் வலப்புறத்தே: பாலக்காட்டு மணி ஐயர்

நவராத்திரி நெருங்கியதும் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகளும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் திருவனந்தபுரம் எழுந்தருளும் காட்சியை நாம் ஆண்டுதோறும் கண்டு மகிழ்கின்றோம். நங்கை செந்திட்டையில் தங்குகின்றாள். குமரன் நம் ஆரியசாலைக் கோயிலில் வீற்றிருந்து அருள்புரிகின்றான். கம்பர் வழிபட்டவள் என்று மரபு கூறும் கலைமகளோ கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தை அடைகின்றாள். அவள் திருமுன்னர் ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாள் மகாராசர் வகுத்த முறைப்படி இசை நிகழ்கின்றது. அங்கே அது வழிபாடே ஆதலின் கைதட்டும் வழக்கமில்லை. பாடுபவர்க்கு ஊக்கம் பிறக்க வேண்டுமாயின் இடப்புறத்து வயலினிலிருந்தும் வலப்புறத்து மிருதங்கத்திலிருந்தும்தான் பிறக்க வேண்டும்.

பாடகருக்கு அவ்வலப்புறத் துணை எத்தகையது? நல்ல துணையாயின் பாட்டு தானே நடக்கும். அல்லாத துணையாயின், குரல் எத்துணை இனியதாயினும், மேட்டில் வண்டி இழுக்கும் மாட்டின் நிலைதான். சென்ற நூற்றாண்டில் இத்துணைக்கு ஓர் இலக்கணமாக விளங்கியவர் பாலக்காடு மணி ஐயர். மலையாள மண்ணில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு அவர்பால் தனியொரு உரிமையும் உண்டு. அவரும் இம்மண்ணில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் வழித்தோன்றலே.

1912-ஆம் ஆண்டு சூன் திங்களில் பழையனூரில் பிறந்தார். இயற்பெயர் இராமசுவாமி. தந்தையார் சேஷம் பாகவதர் பாடகர். ஆதலின் மகன் மிருதங்கத்தைக் கேட்பதற்கு முன்னரே பாட்டைக் கேட்டு வளர்ந்தான் என்று கொள்ளலாம். அவர் பிற்காலத்துப் பெருமைக்கெல்லாம் வேர் இதுவே என்பது என் துணிபு. சாத்தபுரம் சுப்பையரிடம் முதற்பாடம் நடந்தது. பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் குருகுலம். நெய்யாற்றின்கரையில் 1924-இல் பிறந்த டி. கே. மூர்த்தியும் அதே ஆசானின் மாணாக்கரானார் என்பதை நம் ஊரார் நினைவிற்கொள்ளுதல் தகும். பாலக்காட்டுச் சூழலில் செண்டை முழக்கம் காதில் விழாமல் வளர இயலாது. அம்முழக்கத்தின் சாயல் மணி ஐயரின் விரல்களிலும் படிந்திருந்தது என்பர்.

பதின்வயதுச் சிறுவனாகவே அவரைச் சென்னை மேடைக்கு அழைத்துச் சென்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். அந்நாளில் மிருதங்க உலகின் முடிசூடா மன்னராக இருந்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936). சிறுவன் ஒருவன் தமக்கு நிகராக எழுவதைக் கண்டு அப்பெரியவர் புழுங்கினாரில்லை. பையன் மிருதங்கம் வாசிக்கத் தாம் கஞ்சிராவை ஏந்திப் பக்கத்தில் அமர்ந்தார். மேடையில் இதனினும் பெரிய பட்டயம் யாது?

அக்காலத்துக் கச்சேரி எப்படியிருந்தது என்பதைச் சற்றே நோக்க வேண்டும். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் மேடை ‘முழுப் பெஞ்சு’ என்று பெயர்பெற்றது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், இன்ன பிற எனத் தாள வாத்தியங்கள் சூழ்ந்திருக்க, பாடகர் நடுவே கணக்கு வழக்கில் போர்புரிவார். வீரம் மிக்க காட்சிதான். எனினும் பாட்டின் சொற்கள் அப்போரில் அடிபட்டு வீழ்வதும் உண்டு. மணி ஐயர் கணக்கில் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆயினும் அவர் வகுத்த பாதை வேறு. ஒரு கிருதி தொடங்கியதும் அதன் நடையைப் பிடித்து, சொல் எங்கே நிற்கின்றது, எங்கே நீள்கின்றது என்று கேட்டு, அதற்கேற்பவே வாசிப்பார். பல்லவியின் சங்கதிகள் ஏற ஏற வாசிப்பும் செறியும். அனுபல்லவி மேலே எழும்போது ஒரு கணம் விரல்கள் ஓயும். அவ்வோய்வுதான் பாடகர்க்கு அவர் அளித்த பெருங்கொடை. நிறைந்த அவையில், கையில் இத்துணை வலிமையை வைத்துக்கொண்டு, வாசியாமல் இருக்க எத்தனை பேரால் இயலும்? தொப்பியில் இடக்கை அழுந்தி எழுப்பும் கும்காரமோ குரலுக்கு அடியில் விரித்த கம்பளம் போன்றது. அதன்மேல் நடப்பவர்க்குக் கால் நோவதில்லை.

இதனால் அவருடன் பாடுவது எளிதென்று எண்ணற்க. தாளத்தில் தளர்ச்சியுடைய பாடகர்க்கு அவர் வலப்புறத்தே அமர்ந்திருப்பது நெருப்பின் அருகே அமர்ந்ததை ஒக்கும். தனி ஆவர்த்தனத்தில் பாடகர் வாளாவிருப்பதில்லை. தாளத்தைக் கையில் தாங்குபவர் அவரே. மிருதங்கம் அடியையும் எதிரடியையும் பின்னிச் செல்கையில், போட்ட கை தடுமாறாமல் நின்று, கோர்வை வந்து விழும் இடத்தில் பாட்டை எடுத்துக் கொடுத்தல் வேண்டும். தடுமாறினால் அவை அறிந்துவிடும். செம்பையின் வெண்கலக் குரலும் அசையாத தாளமும் இதனைத் தாங்கின. அரியக்குடி இராமானுச ஐயங்காரின் மத்தியமகால நடையோ மணி ஐயரின் உள்ளத்துக்கு மிக உகந்தது. தம்மிடம் பயின்ற கே. வி. நாராயணசுவாமியை அவர் அரியக்குடியாரிடம் ஆற்றுப்படுத்தினார் என்பதே அம்மதிப்பைக் காட்டும்.

மேடையில் இடம் என்பதும் சிறு செய்தியன்று. மணி ஐயரின் சமகாலத்துப் பெருவித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (மறைவு 1962) இடக்கை வாசிப்பாளர். வலந்தலை அவையை நோக்க வேண்டுமாயின் அவர் பாடகரின் இடப்புறம் அமர வேண்டும். வயலின்காரர் தம் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கு இசையாதார் பலர். ஒருவர் கையமைப்பினால் அவர்தம் வாய்ப்புக் குறைந்த அக்கொடுமையை நீக்க முன்னின்றவரும் செம்பையே.

மணி ஐயரின் நாதத்திற்குப் பின்னே வேறொருவர் உழைப்பும் உண்டு. தஞ்சையில் மிருதங்கம் செய்த பர்லாந்து, பலாக்கட்டையும் தோலும் வாரும் கொண்டு, அவர் கேட்ட ஒலி கிடைக்கும்வரை பல்லாண்டு முயன்றவர். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் எருமைத்தோலும் இன்றி மிருதங்கம் இல்லை. அத்தோலைத் தேர்ந்து பதப்படுத்திய கைகளுக்கு அவையில் இருக்கை கிடைத்ததுமில்லை. மேடையில் பாடகர்க்குப் பக்கவாத்தியம் எப்படியோ, அப்படியே பக்கவாத்தியத்திற்குப் பக்கமாய் நின்ற அத்தொழிலாளர் பெயரை மணி ஐயரின் வரலாற்றில் விடுத்தல் நன்றியன்று.

1966-இல் சென்னை மியூசிக் அகாடமி அவர்க்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. தாள வாத்தியக்காரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. 1971-இல் பத்மபூஷண் வந்தது. பக்கத்தில் அமர்ந்தவர் தலைமை இருக்கைக்கு வர இத்துணைக் காலமா ஆக வேண்டும் என்று கேட்பின், விடை சொல்வார் இல்லை.

பிடிவாதங்களும் அவரிடம் இருந்தன. ஒலிபெருக்கி மிருதங்கத்தின் நயத்தை அழிக்கின்றது என்று கருதி, ஒலிபெருக்கி வைத்த மேடைகளைப் பிற்காலத்தில் மறுத்தார். நம் நவராத்திரி மண்டபத்தில் நாதம் பெருகக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட முன்னோர்க்கு அவர் கருத்து விளங்கியிருக்கும். இப்பிடிவாதத்தைப் போற்றலாம். ஆனால் பெண் பாடகியர்க்கு வாசிப்பதில்லை என்று அவர் நெடுங்காலம் கொண்டிருந்த கொள்கையைப் போற்றுதற்கில்லை. அவர் துணை பாட்டை எவ்வளவு உயர்த்தும் என்பது அறிந்த கலைஞர்க்கு அது மறுக்கப்பட்டது இழப்பே. இறுதியில் அவர் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார், அவர் மகள் லலிதா பட்டம்மாளின் மருமகளுமானார். நவராத்திரி மண்டபத்திலோ ஒரு பெண்மணி பாட 2006-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் பாறசாலை பொன்னம்மாள்.

வாழ்வின் பிற்பகுதியில் ரிஷி வேலிப் பள்ளியில் சிறுவர்க்கு மிருதங்கம் கற்பித்தார் மணி ஐயர். 1981-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர்தம் மாணாக்கர்களான பாலக்காடு இரகுவும் உமையாள்புரம் சிவராமனும் அதன் பின்னரும் பல்லாண்டு பாடகர்களின் வலப்புறத்தே அமர்ந்து அக்கையை உலகுக்குக் காட்டினர்.