ஐடா ஸ்கடர் அம்மையார்

நோய் தீர்க்கும் மருத்துவரைப் போற்றாத நாடு உலகில் இல்லை. ஆயின், மருத்துவர் வந்து பார்த்து மருந்து கொடுத்துச் சென்றபின், இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைப் புரட்டிக் கிடத்தி, உடல் துடைத்து, கஞ்சி புகட்டி, அழுக்கு அகற்றும் கைகளை நினைப்பவர் எத்துணைப் பேர்? அக்கைகளுக்கும் கல்வி வேண்டும். அக்கல்விக்குச் சான்று வேண்டும். சான்று பெற்றோர்க்கு மதிப்பு வேண்டும். இவ்வெண்ணத்தைத் தென்னாட்டில் வேரூன்றச் செய்தோருள் தலையாய ஒருவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். வேலூரில் அவர் எழுப்பிய மருத்துவமனையை அறியாதார் இலர். தாதியர் கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டை அறிந்தார் சிலரே. ஆதலின் அதனையே சிறப்பாக எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

அம்மையாரின் பாட்டனார் ஜான் ஸ்கடர், அமெரிக்க நாட்டினின்று 1819-ஆம் ஆண்டில் மருத்துவ மிஷனெரியாகப் புறப்பட்டு, முதலில் இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியிலும் பின்னர்ச் சென்னையிலும் தொண்டாற்றியவர். தந்தையாரும் அப்பெயரே பூண்டவர், அவரும் மருத்துவரே. இக்குடியில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், பசியால் மெலிந்த சிறுவர்க்குத் தம் சின்னஞ்சிறு கையால் ரொட்டித் துண்டு ஊட்டினார் என்பர். பின்பு கல்வியின் பொருட்டு அமெரிக்கா சென்றார். தாம் பார்த்த துயரமும் வறுமையும் அவர் உள்ளத்தில் அச்சத்தையே விளைத்திருந்தன. குடும்பத்தார் பலரும் சென்ற வழியில் தாம் செல்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தார்.

ஓர் இரவு

தாயார் நோயுற்ற செய்தி கேட்டு, 1890-இல் ஐடா இந்தியாவுக்கு மீண்டு திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கினார். அங்கே ஓர் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறொரு குலத்து இந்து. மூவர் இல்லத்திலும் இளம் மனைவியர் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தந்தையார் வரச் சித்தமாயிருந்தார். அந்நிய ஆடவர் தம் இல்லப் பெண்டிரைத் தீண்ட அம்மூவரும் இசைந்திலர். ஐடா வரவேண்டும் என்றே வேண்டினர். அவரோ மருத்துவம் அறியாதவர். மூவரும் வெறுங்கையராய்த் திரும்பினர். பொழுது புலர்ந்தபோது சாப்பறை ஒலித்தது; மூன்று பெண்களும் இறந்தனர் எனத் தெரியவந்தது.

அம்மூன்று வீடுகளிலும் அன்புக்குக் குறைவில்லை. நள்ளிரவில் ஓடிவந்த கணவர் அன்பில்லாதவர் ஆவரோ? உறவினரும் சூழ்ந்தே இருந்திருப்பர். இல்லாதது பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை. இவ்வுண்மையே அம்மையாரின் வாழ்க்கையைத் திருப்பியது.

வேலூர்ப் பணி

மீண்டும் அமெரிக்கா சென்று 1895-இல் பிலடெல்பியாவில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1899-இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். சில திங்களிலேயே தந்தையார் மறைந்தார். துணையின்றி நின்ற அப்பெண்மணி, தம் பங்களாவின் சிறு அறை ஒன்றையே மருந்தகமாக்கினார். முதலில் வரத் தயங்கிய மக்கள் பின்னர்த் திரண்டு வந்தனர். இரண்டாண்டுகளில் ஐயாயிரம் பேர்க்கு மருத்துவம் செய்தனர் என்பது வரலாறு. 1902-இல், ஷெல் என்னும் அமெரிக்கச் செல்வர் தம் மனைவியின் நினைவாக அளித்த பொருளால் நாற்பது படுக்கைகளுடைய மருத்துவமனை எழுந்தது.

சலோமியும் தாதியர் பள்ளியும்

கட்டடம் எழுந்தது, கைகள் எங்கே? மருத்துவர் ஒருவர், நோயாளிகளோ பலர். சமையற்காரரின் மனைவியாகிய சலோமி என்பவரை அம்மையார் தம் அருகில் நிறுத்திப் பழக்கினார். புண்ணைக் கழுவுதல், கட்டுதல், கருவிகளைக் கொதிநீரில் இடுதல் முதலியவற்றைச் செய்து காட்டியே கற்பித்தார். வேலூர் மருத்துவமனையின் முதல் துணைவி பள்ளியினின்று வந்தவர் அல்லர், அடுக்களையினின்று வந்தவர். தக்கவாறு கற்பித்தால் யாரும் கற்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆயினும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகுதல் மட்டும் போதாது என்பதை அம்மையார் கண்டார். பழக்கம் அவரவர் நினைவோடு நின்றுவிடும்; முறையான கல்வியே தலைமுறை தோறும் தொடரும். ஆகவே 1909-ஆம் ஆண்டில் டெலியா ஹௌட்டன் என்னும் தாதியைத் தலைவியாகக் கொண்டு தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார்.

அக்காலத்து நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறர் உடலையும் கழிவையும் தீண்டும் பணி, தீட்டு என்று இகழப்பட்டது. ஆடவர் நோயாளிக்குப் பெண் பணிவிடை செய்வதோ பழி எனப்பட்டது. மகளிர் கல்வியே அருகியிருந்த நாளில், இப்பணிக்குத் தம் மகளை அனுப்ப எவர் துணிவர்? பள்ளியும் பாடமும் தேர்வும் சான்றும் அமைந்தபோது, இழிதொழில் எனப்பட்டது மெல்ல மெல்லக் கலை எனப்படலாயிற்று. 1926-இல் சென்னை மாகாணத்தில் தாதியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பெயர் ஏட்டில் ஏறியது. இன்னார் கற்றவர் என நாடு அறிய வழி பிறந்தது.

கல்லூரிகள்

1918-இல் அம்மையார் மகளிர்க்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். விண்ணப்பம் வருமோ என ஐயுற்றவர் வியக்குமாறு 151 விண்ணப்பங்கள் வந்தன. பதினேழு பேர் சேர்க்கப்பட்டனர். பின்னர் அரசாங்கம் பட்டப்படிப்பே வேண்டும் என விதித்தபோது, எழுபது வயதைக் கடந்தும் அமெரிக்கா எங்கும் சென்று பொருள் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புத் தொடங்கியது, 1947 முதல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர்.

தாதியர் பள்ளியும் உடன் வளர்ந்தது. 1946-இல் வேலூரில் தாதியர்க்குப் பட்டக்கல்வி தொடங்கியது. அவ்வாண்டிலேயே டெல்லியிலும் அத்தகைய கல்வி தோன்றியது. இவ்விரண்டுமே இந்தியாவில் தாதியர் பட்டக்கல்விக்கு முன்னோடிகள். சலோமி நின்ற இடத்தில், முப்பத்தேழு ஆண்டுகள் நடந்த பள்ளியின் பயனாகப் பட்டதாரிகள் நின்றனர்.

மாலைப் பொழுது

1946-இல் ஓய்வு பெற்ற அம்மையார், கோடைக்கானலில் தம் இல்லத்தில் வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது எண்பத்தொன்பதாம் வயதில் அங்கேயே காலமானார்.

அக்கோடைக்கானல் மலைத்தொடர் எம் ஊராகிய இராசிங்காபுரத்துக்கு வடக்கே நீலமாய்த் தோன்றுவது. சிறு வயதில் அம்மலையைப் பார்த்து நின்றேன். அங்கு வாழ்ந்து மறைந்தவர் யாரென அறிந்திலேன். அறிந்தபின் ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

எம் பாட்டியார் வாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். என் தாயார் எம் ஊர்ப் பெண்டிர் பலரையும் போல, கோழி கூவுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குச் செல்பவர், இருட்டியபின்னரே மீள்வார். பகலெல்லாம் பாட்டியாரைப் பார்த்துக்கொண்டவர், அத்தை என்று நாங்கள் அழைக்கும் அண்டை வீட்டு அம்மையார். பெற்ற மகளும் அவ்வாறு பார்த்திரார். ஆயின் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை அவர் அறியார். அசைத்தால் வலிக்குமே என்று அசைக்காமலே விட்டார். முதுகிற் புண் தோன்றி ஆழ்ந்தது. பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வந்து, புரட்டும் முறையையும், முழங்கால்களுக்கிடையே தலையணை வைப்பதையும், தலையை உயர்த்திய பின்னரே நீர் புகட்டவேண்டும் என்பதையும் அரைமணி நேரத்திற் காட்டிக்கொடுத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பாட்டியார் மறைந்தார். அத்தையோ இன்றும் அப்புண்ணுக்குத் தாமே காரணம் என்று கண்ணீர் உகுக்கின்றார்.

குற்றம் அவருடையது அன்று. திண்டிவனத்தில் அம்மூன்று வீடுகளில் இருந்த குறையே எம் வீட்டிலும் இருந்தது. அரைமணி நேரக் கல்வி உரிய காலத்தில் வந்திலது.

இக்குறையை நாடு உணராமலில்லை. ஊனமுற்றோர்க்குத் துணைநிற்கும் பணியாளரின் பயிற்சியை ஒழுங்குசெய்ய 1992-இல் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவமனை உதவியாளர்க்கும் இல்லங்களில் முதியோரைப் பேணுவோர்க்கும் குறுகிய காலப் பயிற்சியும் சான்றிதழும் இக்காலத்தில் உள. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், படுக்கையிற் கிடப்போரைத் தாதியர் இல்லம் தேடிச் சென்று காண்கின்றனர். இவை நற்றொடக்கங்கள். ஆயின் இளையோர் மலையேறிச் செல்ல, முதியோர் திண்ணையில் தனித்திருக்கும் எம்மூர் போன்ற சிற்றூர்களில், அத்தைமார்க்குக் கற்பிப்பார் யார்? அவர்தம் உழைப்புக்குச் சான்றும் தக்க கூலியும் தருவார் யார்?

ஐடா அம்மையார் சலோமியை அடுக்களையினின்று அழைத்து அருகில் நிறுத்திக் கற்பித்தார். கற்ற நாமும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மருத்துவம் பயிலும் நண்பரையோ அறிந்த தாதியரையோ உடனழைத்துச் சென்று, நம் அத்தைமாரை ஒருங்கே அமர்த்தி அவ்வரைமணிப் பாடத்தைக் கற்பிக்கச் செய்வோமாயின், அஃது அப்பெருமாட்டிக்கு நாம் எழுப்பும் நினைவுச்சின்னமாகும். அடுத்த விடுமுறையில் இராசிங்காபுரத்தில் அதனைத் தொடங்க எண்ணியுள்ளேன். முதல் மாணவியாக அமர என் அத்தையார் இசைந்துள்ளார்.